ஐந்து ஊருக்கு ஒரே கார் அரங்கம்: எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

வாசகர் கேள்வி: ஐயா, கோவையில் கண்காட்சி ஸ்டால் வடிவமைத்துச் செய்து தரும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். இதுவரை ஜவுளி, பம்ப்செட், உணவுப் பொருள் கண்காட்சிகளுக்கு 3-க்கு 3, 6-க்கு 3 மீட்டர் ஸ்டால்கள்தான் செய்திருக்கிறோம். இப்போது ஒரு கார் நிறுவனத்தின் புதிய மின்சார எஸ்யூவி அறிமுகத்துக்கு அரங்கம் அமைக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. கோவை, மதுரை, கொச்சியில் மாலின் நடுக்கூடம், 9-க்கு 6 மீட்டர் இடம். திருச்சியிலும் சென்னையிலும் திறந்த திடல், 12-க்கு 9. கார் நாலரை மீட்டர் நீளம், மின்கலத்தோடு ஏறத்தாழ 2 டன் எடை. மாலில் வேலை செய்ய ஓர் இரவுதான் கிடைக்கும். அவர்கள் காட்டிய மாதிரிப் படம் முழுக்க வளைவு, நடுவில் சுழலும் மேடை. எங்கள் ஆசாரி, "ஊருக்கு ஊர் ப்ளைவுட்டில் புதுசா அடிச்சிடலாம், அதுதான் மலிவு" என்கிறார். எனக்கு மாடுலராக, அதாவது கழற்றி மாட்டும் துண்டுகளாகச் செய்ய ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

வணக்கம். உங்கள் ஆசை சரியானது. அதே சமயம் ஆசாரி சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். ஒரே ஊர், அல்லது இரண்டு ஊர் என்றால் நானும் அவர் பக்கம்தான். ப்ளைவுட் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த வடிவத்துக்கும் வளையும், திருத்துவதும் சுலபம். உங்கள் விஷயத்தில் அதைத் தடுப்பது பணத்தைவிட அந்த ஓர் இரவுதான். பட்டி பூசி, தேய்த்து, காயவிட்டு, பெயின்ட் அடிக்க மாலில் நேரமே இல்லை. கடைகளுக்கு நடுவில் மரம் அறுக்கவும் பெயின்ட் அடிக்கவும் பெரும்பாலான மால்கள் விடுவதும் இல்லை. எப்படியும் பட்டறையில் முடித்த துண்டுகளாகத்தான் உள்ளே போகப்போகிறீர்கள் என்றால், அந்தத் துண்டுகள் ஐந்து முறை கழற்றி மாட்டத் தாங்குகிற மாதிரி இருப்பதே நல்லது.

மாடுலர் என்றதும் பலரும் முதலில் அழகான படம் ஒன்றை வரைகிறார்கள். வாடிக்கையாளர் தலையாட்டிய பிறகு அதை எங்கே துண்டு போடுவது என்று யோசிக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு துண்டும் தனித்தனி அளவில் வரும். 9-க்கு 6-க்கு வரைந்தது 12-க்கு 9-ல் ஒட்டாமல் நிற்கும். நீங்கள் வரையத் தொடங்கும் முன்பு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து ஊரிலும் துளியும் மாறாமல் இருக்க வேண்டியது எது?

கார் அறிமுகத்தைப் பொறுத்தவரை என் பதில் இரண்டே இரண்டு. கார் நிற்கும் தரை, காரின் மேல் விழும் வெளிச்சம். இவை இரண்டையும் இறுக்கமாக, விட்டுக்கொடுக்காமல் செய்யுங்கள். சுவர், வரவேற்பு மேசை, உட்காருமிடம், நுழைவாயில் எல்லாம் அந்த இடத்துக்குத் தக்கபடி நீளலாம், குறையலாம், ஓர் ஊரில் இல்லாமலே போகலாம்.

இதற்கு நல்ல உதாரணம் ஒரு கார் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறது. பிஎம்டபிள்யூவும் குகன்ஹைம் அருங்காட்சியகமும் சேர்ந்து 2011-ல் 'பிஎம்டபிள்யூ குகன்ஹைம் லேப்' என்ற பயண அரங்கம் ஒன்றைத் தொடங்கின. கார் விற்க வந்த இடமல்ல, நகரங்களைப் பற்றிப் பேசுவதற்கான இடம். டோக்கியோவின் அட்லியே பவ்-வவ் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த அந்தக் கட்டமைப்பு கார்பன் ஃபைபர் சட்டங்களால் ஆனது. விளக்கு, திரை, ஒலி உபகரணம் எல்லாம் மேல்பகுதியில் தொங்கும், தேவையானபோது கீழே இறங்கும். கீழ்த்தளம் வெறுமையாக, எதற்கும் தயாராக இருக்கும். நியூயார்க்கிலும் 2012-ல் பெர்லினிலும் அதுதான் நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் மும்பை பைகுல்லாவில் பாவு தாஜி லாட் அருங்காட்சியக வளாகத்துக்கு வந்தபோது, அதே வடிவமைப்பாளர்கள் நம் ஊர் மண்டபத்தை மனதில் வைத்து மூங்கிலில் வேறொன்றைக் கட்டினார்கள். சட்டம் மாறியது, பொருள் மாறியது; நாலு பக்கமும் திறந்து யாரும் நடந்து உள்ளே வரக்கூடிய இடம் என்பது மாறவில்லை. எது மாறக்கூடாது என்று தெளிவாகத் தெரிந்தவர்களுக்குத்தான் மற்றதை மாற்றும் தைரியம் வரும்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். ஸ்டால் செய்து பழகியவர்கள் கார் அரங்கத்தில் முதலில் தடுமாறுவது இங்கேதான். ஜவுளிக்கோ பம்ப்செட்டுக்கோ ஸ்பாட் லைட் போதும், வெளிச்சம் பொருளின் மேல் விழுந்தால் சரி. காரின் உடல் பளபளப்பான வளைந்த கண்ணாடி. அதன் மேல் விழும் வெளிச்சத்தை யாரும் பார்ப்பதில்லை. அதில் பிரதிபலிக்கும் விளக்கின் வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள். இருபது ஸ்பாட் லைட் போட்டால் பானெட்டின் மேல் இருபது வெள்ளைப் புள்ளி தெரியும். வடிவமைப்பாளர்கள் மாதக்கணக்கில் களிமண்ணில் செதுக்கிக் கொண்டுவந்த தோள்பட்டைக் கோடு அந்தப் புள்ளிகளுக்குள் காணாமல் போய்விடும். அந்தக் கோடு முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை அறுபடாமல் ஓட வேண்டுமென்றால், காரைவிட நீளமான, அகலமான, ஒரே சீராக ஒளிரும் ஒரு பரப்பு மேலே இருக்க வேண்டும். உங்கள் காருக்கு 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், மூன்றரை முதல் 4 மீட்டர் உயரத்தில் ஓர் ஒளிக்கூரை போதுமானது.

இதைத் துண்டாகச் செய்வதில் ஒரு நுட்பம் உண்டு. 3-க்கு 1 மீட்டர் அளவில் ஆறு அலுமினியச் சட்டங்களாகச் செய்யலாம், எல்இடி பட்டைகளை அவற்றிலேயே பொருத்திவிடலாம். ஆனால் ஒவ்வொரு சட்டத்துக்கும் தனித்தனியாகத் துணி இழுத்துக் கட்டினால், சட்டங்கள் சேரும் ஐந்து இடத்திலும் கறுப்புக் கோடு காரின் மேல் விழும். அதனால் சட்டம் ஆறு, துணி ஒன்று. ஓரத்தில் சிலிக்கான் பட்டை தைத்த நீட்சித் துணியை ஆறு சட்டங்களும் சேர்ந்த வெளிவிளிம்பில் மட்டும் செருகுங்கள். 3 மீட்டர் அகலம் என்று நான் சொன்னதற்குக் காரணமும் இதுதான். இவ்வகைத் துணி 3.2 மீட்டர் அகலச் சுருளில் தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் தையல் வராது. தீப்பிடிக்காத் தன்மைக்கான சான்றிதழோடு வாங்குங்கள், மால் நிர்வாகம் கேட்கும். விளக்கின் நிறக்காட்சிக் குறியீடு (CRI, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு) 90-க்கு மேல் இருக்கட்டும். இல்லையென்றால் ஷோரூமில் பார்த்த சிவப்பு உங்கள் அரங்கத்தில் செங்கல் நிறமாகத் தெரியும்.

மாலில் இந்தக் கூரையால் ஒரு சங்கடமும் வரும். முதல் மாடி, இரண்டாம் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்குக் காரை அது மறைத்துவிடும். நடுக்கூடத்தில் நிற்பவர்களைவிட அங்கிருந்து பார்ப்பவர்கள் அதிகமாக இருப்பார்கள். கூரையின் மேல்முகத்தைக் கம்பியும் ஒயரும் தெரிய அப்படியே விட்டுவிடாதீர்கள். அதற்கும் ஒரு துணி போட்டு, காரின் பெயரை மேலிருந்து படிக்கும்படி அச்சிடுங்கள். அப்புறம், உயர வரம்பு எவ்வளவு என்று ஒவ்வொரு மாலிலும் எழுத்தில் வாங்குங்கள். எதிர்க்கடைக்காரர் தன் பெயர்ப்பலகை மறைகிறது என்று சொன்னால், அந்த இரவில் நீங்கள்தான் இறக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தரை. 2 டன் கார் என்றால் ஒரு சக்கரத்துக்கு அரை டன். டயரில் சுமார் 35 பிஎஸ்ஐ காற்று இருக்கும்போது அந்த அரை டன் தரையைத் தொடும் இடம் 15 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும். வாடகை மேடைக்காரர் "சதுர மீட்டருக்கு 500 கிலோ தாங்கும்" என்று சொல்லுவார். அது மனிதர்கள் பரவலாக நிற்கும் கணக்கு. இங்கே அதே 500 கிலோ ஒரு கையகல இடத்தில் இறங்குகிறது, அதோடு உருண்டும் வருகிறது. அதனால் கார் ஏறி வரும் பாதை முழுவதும், சக்கரம் போகும் இரண்டு தடங்களிலும், மேடைக்குக் கீழே இரும்புக் குறுக்குச் சட்டம் ஓர் அடிக்கு ஒன்று வேண்டும். மேலே 18 மி.மீ. ப்ளைவுட்.

மேடைத் துண்டை 4-க்கு 4 அடியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ப்ளைவுட் 8-க்கு 4 அடியில் வருகிறது. ஒரு துண்டு உடைந்தால் மதுரையிலோ கொச்சியிலோ ஒரு பலகை வாங்கி வெட்டி, வீணில்லாமல் இரண்டு துண்டு மாற்றிவிடலாம். காரின் மையக்கோடு, இரண்டு துண்டுகள் சேரும் கோட்டின் மேல் வரும்படி அடுக்குங்கள். இவ்வளவு பெரிய காரில் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ 1.6 மீட்டர் இருக்கும். மையத்திலிருந்து 80 சென்டிமீட்டரில் சக்கரம் வரும். அது 122 சென்டிமீட்டர் துண்டின் உள்ளே, இணைப்பிலிருந்து தள்ளியே விழும். துண்டின் நடுவை மையக்கோட்டில் வைத்தால் சக்கரம் இணைப்பை நெருங்கி ஓடும், இரண்டாவது ஊரிலேயே விளிம்பு நசுங்கத் தொடங்கும்.

மாலில் மேடை உயரத்தை 100 மி.மீ.க்குள் அடக்கப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு 1-க்கு 12 சரிவு கொடுக்க வேண்டும். 100 மி.மீ. என்றால் சரிவுக்கு 1.2 மீட்டர் போதும், 200 என்றால் 2.4 மீட்டர் போய்விடும். 9-க்கு 6 இடத்தில் அவ்வளவு இடத்தைச் சரிவுக்குக் கொடுக்க முடியாது. சரிவே இல்லாமல் விட்டுவிடலாம் என்று மட்டும் யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள். கார் வாங்க வரும் குடும்பத்தில் தாத்தா பாட்டியும் இருப்பார்கள்.

சுழலும் மேடை பற்றி என் கருத்து தெளிவானது. மாலில் வேண்டாம். நாலரை மீட்டர் நீளம், 1.9 மீட்டர் அகலமுள்ள கார் சுழலும்போது அதன் மூலைகள் போடும் வட்டத்தின் விட்டம் 4.9 மீட்டருக்குச் சற்று குறைவு. இருபுறமும் மக்கள் பாதுகாப்பாக நிற்க 60 சென்டிமீட்டர் விட்டால்கூட 6 மீட்டரைத் தாண்டிவிடும். உங்கள் இடத்தின் அகலமே 6 மீட்டர்தான். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கார் சுழலும் வரை யாரும் கதவைத் திறக்க முடியாது. நம் மக்கள் காரைப் பார்க்க மட்டும் வருவதில்லை. கதவைத் திறந்து சாத்தி அந்தச் சத்தத்தைக் கேட்பார்கள், பின் இருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள், டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்று கணக்குப் போடுவார்கள். அவர்கள் முடிவெடுப்பது அப்போதுதான். அதைத் தடுக்கும் எந்த அலங்காரமும் எனக்கு உடன்பாடில்லை. காரைச் சுற்றி, திறந்த கதவையும் தாண்டி ஒருவர் நடந்துபோக இடம் விடுங்கள். திடலில் இடம் தாராளமாக இருப்பதால், அறிமுக நேரத்துக்கு மட்டும் வாடகைக்குச் சுழல்மேடை எடுத்துக்கொள்ளலாம். வாங்காதீர்கள்.

இனி சுவரும் மற்றவையும். இங்கே 3 மீட்டர் கட்டத்தை அடிப்படையாக வையுங்கள். 6-க்கு 6 மீட்டர் கார் நிற்கும் மையப் பகுதி. மாலில் அதோடு 3 மீட்டர் பகுதி ஒன்று சேர்ந்தால் 9-க்கு 6. திடலில் நீளத்திலும் அகலத்திலும் இன்னும் 3 மீட்டர் சேர்ந்தால் 12-க்கு 9. மையப் பகுதியின் வரைபடம் எல்லா ஊருக்கும் ஒன்றே. சேர்க்கும் பகுதிகளில் ஓர் ஊரில் வரவேற்பு, ஓர் ஊரில் டெஸ்ட் டிரைவ் பதிவு, இன்னொன்றில் சார்ஜர் விளக்கம் என்று மாற்றிக்கொள்ளலாம்.

சட்டம் வாடகைக்கு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "ஒரு மீட்டர் சட்டம்" என்று எல்லோரும் சொல்வார்கள், எல்லாம் ஒரு மீட்டர் அல்ல. பெமாட்ரிக்ஸ் என்ற நிறுவனத்தின் வகைச் சட்டங்கள் 62 மி.மீ.யின் மடங்குகளில் வருபவை. அதில் "ஒரு மீட்டர்" என்பது 992 மி.மீ. 9 சட்டம் வரிசையாக வைத்தால் 72 மி.மீ. குறையும். எல்இடி வாலின் (ஒளிரும் திரைச்சுவரின்) பெட்டிகளோ பெரும்பாலும் 500 மி.மீ., 18 பெட்டி சரியாக 9 மீட்டர். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதாகப் படத்தில் வரைந்துவிட்டு, இரவு 2 மணிக்கு அந்த 72 மி.மீ.யைத் தேடிக்கொண்டிருப்பது வேதனையான வேலை. ஒரே வகையைத் தேர்ந்தெடுத்துக் கடைசி வரை அதிலேயே நில்லுங்கள். தரை 4 அடிக் கணக்கு, சுவர் மீட்டர் கணக்கு என்று ஏற்கெனவே இரண்டு அளவு இருக்கிறது. இவை இரண்டின் இணைப்புக் கோடுகளை ஒன்றாக்க முயலாதீர்கள். சுவருக்கும் மேடைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, அதைக் கறுப்பாக்கி, ஒயர்களை அதற்குள் ஓட்டுங்கள். அளவு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

எல்இடி வாலை காருக்கு நேர் பின்னால் வைத்தால் காட்சிகள் கார்க் கண்ணாடியிலும் பின்பக்க வளைவுகளிலும் அலையும். திரையின் வெளிச்ச அளவைப் பாதியைவிடக் குறைத்து வையுங்கள், வேகமாக வெட்டி வெட்டி மாறும் காட்சிகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். வருகிற எல்லோரும் போனில் படம் பிடிப்பார்கள் என்பதால் திரையின் புதுப்பிப்பு வேகம் 3840 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். குறைந்தால் வீடியோவில் கோடு கோடாக ஓடும்.

வளைவு வேண்டும் என்று அவர்கள் கேட்பதை முழுவதுமாக மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஆரத்தில் வளையுங்கள். 3 மீட்டர் ஆரமுள்ள கால்வட்டம் உங்கள் 3 மீட்டர் கட்டத்துக்குள் அச்சாக உட்காரும். அதை 30 பாகை வீதம் மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் ஒன்றரை மீட்டரைச் சற்றுத் தாண்டும், மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு மூலைக்கு ஆறு துண்டு, உதிரியாக ஒன்று. எந்தத் துண்டு எங்கே என்று தேட வேண்டாம், எதை எடுத்தாலும் எங்கும் பொருந்தும். மாதிரிப் படத்தில் உள்ளது போல எல்லாத் திசையிலும் வளையும் வடிவம் செய்யவே முடியாதா என்றால், முடியும். கட்டடக்கலைஞர் ஜாஹா ஹதீத் 2008-ல் ஷனேல் என்ற ஃபேஷன் நிறுவனத்துக்காகச் செய்த பயண அரங்கம் அப்படித்தான் இருந்தது. ஹாங்காங், டோக்கியோ, நியூயார்க் என்று போய் வந்தது. அவ்வளவு வளைவுக்குள்ளும் அதன் கட்டமைப்பு உறுப்புகள் கப்பல் கன்டெய்னரில் ஏறும்படி 2.25 மீட்டர் அகலத்துக்குள் அடக்கப்பட்டிருந்தன. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அதை நிறுத்தப் பல நாட்கள் கிடைத்தன, அந்த நிறுவனத்தின் பணமும் பின்னால் நின்றது. அப்படியிருந்தும் அந்த ஆண்டின் நிதி நெருக்கடியில் பயணம் பாதியில் நின்றது. உங்களுக்கு இருப்பது ஓர் இரவு. வாடிக்கையாளரிடம் இதையே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

திடல் வேறு உலகம். மாலில் நிற்கும் அதே சுவரைத் திறந்தவெளியில் அப்படியே நிறுத்த நினைக்காதீர்கள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875-ன் மூன்றாம் பகுதி ஒவ்வோர் ஊருக்கும் அடிப்படைக் காற்று வேகம் தருகிறது. கோவைக்கு விநாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். தற்காலிகக் கட்டமைப்புக்கான குறைப்பைப் போட்டுப் பார்த்தாலும் கோவையைவிடச் சென்னையில் கணிசமாகக் கூடுதல் அழுத்தத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். ஒரு சாதாரணக் கணக்கு சொல்கிறேன். விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று, ஒரு சதுர மீட்டருக்கு 24 கிலோ அளவுக்குத் தள்ளும். 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள பின்சுவர் 24 சதுர மீட்டர். மொத்தம் 575 கிலோ தள்ளுகிறது, தனித்து நிற்கும் சுவருக்கு அது இன்னும் கூடும். அடிச்சட்டம் 2 மீட்டர் ஆழம் என்றால், சாயாமல் பிடிக்க மட்டுமே ஒரு டன்னுக்கு மேல் எடை வேண்டும். பாதுகாப்புக்கான கூடுதல் அதற்கு மேல். ஸ்டாலுக்கு வைப்பது போல நாலு மணல் மூட்டை இதற்குப் போதாது. 200 லிட்டர் பீப்பாயில் தண்ணீர் நிரப்பினால் ஒன்று 200 கிலோ. லாரியில் காலியாகப் போகும், அங்கே நிரப்பலாம். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் கணக்குப் போட்டுக் கையெழுத்து வாங்காமல் திடலில் எதையும் நிறுத்தாதீர்கள். எந்தக் காற்றில் துணிகளை இறக்குவது, எந்தக் காற்றில் மக்களை வெளியேற்றுவது என்பதையும் அவரிடமே எழுதி வாங்குங்கள். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் அரங்கத்தில் நிற்கும் உங்கள் ஆளுக்கு இருக்க வேண்டும், விழா நடத்தும் விளம்பர நிறுவனத்துக்கு அல்ல. சென்னை நாள் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் வந்தால் திடலையே மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். அவர்கள் பிடிவாதமாக இருந்தால் மேடையை 150 மி.மீ. உயர்த்தி, ஒயர் இணைப்புகள் எதுவும் தரையில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை வரிசையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். கார் எப்போது உள்ளே வருகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். மேடை முடிந்ததும், சுவர் எழும்பும் முன்பு கார் ஏற வேண்டும். அப்படியானால் ஒளிக்கூரையைத் தாங்கும் டிரஸ் (உலோகக் கம்பிச் சட்டம்) கால்கள் கார் திரும்பி ஏறும் வழியில் நிற்கக்கூடாது. மால் வாசல் அகலம், அங்கிருந்து நடுக்கூடம் வரை திருப்பம், தரைக்குக் கீழே வாகன நிறுத்தம் இருந்தால் அந்தத் தளம் எவ்வளவு எடை தாங்கும் என்பதை மாலின் பொறியாளரிடம் கேளுங்கள். லாரியில் ஏற்றும்போது இதற்கு நேர்மாறான வரிசை. முதலில் தேவைப்படும் மேடைத் துண்டு கடைசியாக ஏற வேண்டும்.

காருக்குள்ளேயே ஒரு பிரச்சினை காத்திருக்கும். மின்சாரக் காரிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கதவு பூட்டு, திரை, கியர் மாற்றம் எல்லாம் அதை நம்பித்தான். நாள் முழுக்க கதவைத் திறந்து வைத்து, திரையை ஒளிரவிட்டால் அது இறங்கிவிடும். அதன் பிறகு கைப்பிரேக்கைக்கூட விடுவிக்க முடியாமல் 2 டன் கார் மேடையில் உட்கார்ந்துவிடும், நீங்கள் காலை 7 மணிக்குள் மால் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும். கார் நிறுவனப் பொறியாளரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் சார்ஜரை மேடைக்கு அடியிலிருந்து நிரந்தரமாக இணைத்து வையுங்கள். அந்த ஒயருக்கான துளையை மேடையில் இப்போதே வரையுங்கள்.

இந்த அரங்கத்தை ஐந்து முறை தூக்கி நிறுத்தப்போகும் ஆட்களை நினைத்துத்தான் ஒவ்வொரு துண்டையும் அளவெடுக்க வேண்டும். இரண்டு பேர் தூக்கக்கூடிய எடை, அதாவது 50 கிலோ. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். எல்லா இணைப்புக்கும் ஒரே அளவு போல்ட், ஒரே சாவி. துண்டுகளில் எழுத்து மட்டும் போதாது. நம் பட்டறைகளில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிகள் நிறைய பேர் வேலை செய்கிறார்கள். மையத்துக்கு மஞ்சள், பின்சுவருக்கு நீலம் என்று வண்ணமும் எண்ணும் போடுங்கள், தூக்கம் சொக்கும் நேரத்தில் எல்லோருக்கும் அது உதவும். இரவு வேலை முடித்தவரையே மறுநாள் லாரியில் அடுத்த ஊருக்கு அனுப்பாதீர்கள். பிரிப்பதற்கு ஒரு குழு, நிறுத்துவதற்கு ஒரு குழு என்று விலைப்பட்டியலிலேயே போடுங்கள். வாடிக்கையாளர் வெட்டச் சொல்லும் முதல் செலவு அதுவாகத்தான் இருக்கும், அதில் மட்டும் இறங்காதீர்கள்.

பணம். டிரஸ், எல்இடி வால், சுவர்ச் சட்டங்கள் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்போது வாங்கிப் போட வேண்டாம். நீங்கள் சொந்தமாகச் செய்ய வேண்டியவை அந்த இரண்டு மாறாத பொருள்கள், கார் மேடையும் ஒளிக்கூரையும். அப்புறம் அந்த ஆறேழு வளைவுத் துண்டு, வரவேற்பு மேசை. இந்தக் கணக்கையும் ஆசாரியின் கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் கணக்கில் ஐந்து ஊர்த் தச்சுக்கூலி, பெயின்ட், முடிந்தபின் உடைத்து அள்ளிப்போடும் செலவு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் மூன்றாவது இருக்காது. உங்கள் கணக்கில் லாரி வாடகை, கிடங்கு வாடகை, பத்தில் ஒரு பங்கு உதிரி ஆகியவற்றைச் சேருங்கள். ஆசாரியையும் விட்டுவிடாதீர்கள். மேடையின் விளிம்பும் மேசையும் அவர் கைப்பட்டால்தான் நன்றாக வரும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், ஐந்தாவது ஊர் முடிந்ததும் மேடையும் கூரையும் யாருக்குச் சொந்தம், யார் கிடங்கில் இருக்கும், அவர்களின் அடுத்த காருக்கு அதே கூரையைப் பயன்படுத்தினால் உங்களுக்கு என்ன கட்டணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பட்டறையில் முழு அரங்கத்தையும் ஒருமுறை நிறுத்திப் பிரித்துப் பார்க்க இரண்டு நாளும், அந்த நாட்களில் உண்மையான காரும் வேண்டும் என்று கேளுங்கள். வெளியாகாத கார் என்று மறுப்பார்கள். அப்படியானால் அதே சக்கர இடைவெளி, அதே எடை உள்ள வேறு ஒரு காரைக் கொடுக்கச் சொல்லுங்கள். அது கிடைக்காமல் முதல் ஊர்த் தேதியை ஒப்புக்கொள்ள வேண்டாம்.